திருநெல்வேலி விடுதியில் 38 யன்னல்கள்: தடியும் தூய நீரும் கொண்டு கண்ணாடி கழுவும் சேவை பற்றிய மதிப்பீடு

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்துக்குக் கிட்டடியில் நாங்கள் நடத்தும் விடுதி மூன்று தளங்களைக் கொண்டது. வைகாசி தொடங்கிச் சோளகம் வீசும் மாதங்களில் தோட்டங்களின் செம்மண் தூசி முழுவதும் வந்து படிவது எங்கள் கண்ணாடிகளில்தான். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் விருந்தினர்களுக்காக ஆண்டுதோறும் ஏணி வைத்து, கிணற்று நீரைக் குழாயால் அடித்துக் கழுவுவித்தோம். கழுவிய அன்று பளபளக்கும் கண்ணாடி மறுநாள் வெயிலில் வெள்ளைப் புள்ளிகளாகப் பூத்துக் கிடக்கும். குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணக்கல்லுக்குள் தேங்கி நிற்பது; அதில் கரைந்துள்ள கல்சியம், நீர் உலர்ந்ததும் கண்ணாடியிலேயே தங்கிவிடுகிறது. கேத்தலின் அடியில் படியும் அதே கல்தான் யன்னலிலும் படிகிறது என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. இம்முறை ஏணியை விட்டுவிட்டு, நீண்ட தடியின் நுனியில் உள்ள தூரிகை வழியாகத் தூய நீரைப் பாய்ச்சிக் கழுவும் சேவையொன்றை அழைத்தோம்.

விலை கேட்டது இரண்டு இடங்களில். முதலில் வந்தவர் படலையில் நின்றபடியே கட்டடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, மொத்தமாக 35,000 ரூபா என்றார். எதற்கு எவ்வளவு என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இருக்கவில்லை. இரண்டாவதாக வந்த இளைஞர்கள் இருவரும் கட்டடத்தைச் சுற்றி நடந்து ஒவ்வொரு யன்னலையும் எண்ணினார்கள். தடியையும் குழாயையும் கொண்டு நிற்க நிலத்தில் இடம் உண்டா, பூஞ்சாடிகளை நகர்த்த வேண்டுமா என்று பார்த்தார்கள். பிறகு எழுதித் தந்தார்கள். கீழ்த்தளத்தில் 10 யன்னல்களுக்குத் தலா 300 ரூபா, நடுத்தளத்தில் 14 யன்னல்களுக்குத் தலா 400, மேல்தளத்தில் 14 யன்னல்களுக்குத் தலா 550, படிக்கட்டோரக் கண்ணாடிச் சுவருக்கு 4,000, நீரும் வாகனமும் 2,500, ஆக 22,800 ரூபா. உயரம் கூடக் கூடத் தடி வளையும், கை சோரும், வேலை மெதுவாகும் என்பதால் மேல்தளத்துக்குக் கூடிய விலை வைப்பதை நான் நியாயமாகவே கருதுகிறேன். சட்டங்களும் கீழ்ப்படிகளும் இந்த விலைக்குள் அடங்கும், உட்புறம் அடங்காது என்பதும் அதே தாளில் இருந்தது.

நீருக்குத் தனியாக ஏன் பணம் என்று கேட்டேன். அவர்களில் ஒருவர் எங்கள் கிணற்று நீரை ஒரு கோப்பையில் எடுத்து, பேனா அளவிலான மானியொன்றை அதில் தோய்த்தார். திரையில் 940 என்று வந்தது. கரைந்திருக்கும் உப்புகளின் அளவு அது. தாங்கியில் கொண்டுவந்த நீரில் தோய்த்தபோது 000. நீரை நுண்ணிய சவ்வினூடாக அழுத்தி வடிக்கும் ஆர்ஓ வடிகட்டி பெரும்பகுதி உப்பை நீக்க, மிச்சத்தை ரெசின் எனும் உப்பீர்க்கும் சிறுமணிகள் நிரப்பிய குடுவை பிடித்துக்கொள்கிறது. நீர் எவ்வளவு வன்மையோ அவ்வளவு விரைவாக ரெசின் தீர்ந்துவிடும். மென்னீர் கிடைக்கும் ஊர்களை விட யாழ்ப்பாணத்தில் இந்த வேலைக்குச் செலவு கூடுவது அதனால்தான். மானி 10ஐத் தாண்டினால் கண்ணாடியில் புள்ளி விழத் தொடங்கலாம் என்பதால், வேலையின் நடுவிலும் இரண்டு முறை அளந்து பார்த்தார்கள்.

தடி கொக்கத்தடி போலத் துண்டுதுண்டாக நீளக்கூடியது. கார்பன் இழையால் ஆனதால் நீளத்துக்கு ஏற்ற பாரம் அதில் இல்லை. முதலில் மேற்சட்டம், பிறகு பக்கச் சட்டங்கள், அதன் பின்னரே கண்ணாடி, கடைசியாகத் தூரிகையைச் சற்று விலக்கி மேலிருந்து கீழாக ஓர் அலசல் என்ற ஒழுங்கில் வேலை நடந்தது. சவர்க்காரமும் இல்லை, துணியால் துடைப்பதும் இல்லை. ஈரமாகவே விட்டுவிட்டுப் போகிறார்களே என்று எனக்கு மனம் ஒப்பவில்லை. நடுத்தள விறாந்தைக்கு அருகில் ஒரு துளியைக் குறிவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன்; அது ஓரங்களில் இருந்து சுருங்கிச் சுருங்கி, கடுகளவாகி மறைந்தது. இருந்த இடத்தில் விரலால் தடவியும் ஒரு தடமும் தெரியவில்லை.

பழைய புள்ளிகள் மட்டும் அப்படியே நின்றன. "இது ஊத்தை இல்லை அண்ணை, தண்ணி விட்ட கல்லு. தூரிகைக்குப் போகாது" என்று முன்னரே சொல்லியிருந்தார்கள். கல்சியப் படிவு அமிலத்துக்குத்தான் கரையும். கீழ்த்தளத்து யன்னலொன்றில் தேசிக்காய்ச் சாறு தடவிச் சிறிது நேரம் விட்டுக் கழுவியபோது பாதிக்கு மேல் போனது, ஆனால் அலுமினியச் சட்டத்தில் படாமல் செய்ய வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஊறிப்போன கண்ணாடிகள் இனித் தெளியப் போவதில்லை. கிணற்று நீரைக் கண்ணாடிக்கு அடித்துக்கொண்டிருந்த எங்கள் வழக்கத்துக்கான விலை அது.

குறைகள் இரண்டு. நுளம்பு வலைகளைக் கழற்றுவதற்குத் தலா 150 ரூபா என்பதை, வேலை தொடங்கிய பின்னரே சொன்னார்கள். 12 வலைகளுக்கு 1,800 ரூபா பெரிய தொகையல்ல. ஆனால் யன்னல்களை எண்ணியவர்களுக்கு வலைகளும் கண்ணில் பட்டிருக்கும், அவற்றையும் அந்தத் தாளில் எழுதியிருக்க வேண்டும். மற்றையது, மறுநாள் ஐந்து யன்னல்களில் மேற்சட்டத்து இறப்பரின் இடுக்கிலிருந்து அழுக்கு நீர் கசிந்து கோடு விழுந்திருந்தது. நெடுங்காலம் கழுவாத சட்டங்களில் முதல் தடவை இப்படி நேர்வது இயல்பாம். அப்படியானால் அந்தச் சட்டங்களை முதலில் ஒருமுறை அலசி, வடியவிட்டு, பிறகு கண்ணாடிக்கு வந்திருக்கலாம். தொலைபேசியில் சொன்னதும் பணம் கேட்காமல் திரும்பி வந்து கழுவித் தந்தார்கள், ஆனால் ஆறு நாட்கள் கழித்து.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழைத்தால் விலையில் கால் பங்கு குறையும் என்கிறார்கள். அழுக்கு இறுகாத கண்ணாடிக்கு நேரமும் நீரும் குறைவாகவே செல்லும் என்பதால் அதை ஏற்றுக்கொண்டேன். ஐப்பசி முதல் மார்கழி வரையான மழையில் எங்கள் கூரை நீரைச் சேர்த்து வைத்தால், உப்புக் குறைந்த அந்த நீரை ரெசினுக்கு மட்டும் அனுப்பி நீர்ச் செலவைக் குறைக்க முடியும் என்றும் பேசியிருக்கிறோம்.

வீதிப் பக்கம் மேல்தளத்தில் இரண்டு யன்னல்களை அவர்கள் கழுவ மறுத்துவிட்டார்கள். மின்கம்பிகள் அவற்றுக்கு அருகே போகின்றன. கார்பன் இழை மின்னைக் கடத்தும். சற்றுச் சாய்த்துப் பிடித்தால் எட்டிவிடலாமே என்று நான் கேட்டதற்கு, தடியை அந்தப் பக்கம் உயர்த்தவே மாட்டோம் என்று மூத்தவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதே சரி. நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. பற்றுச்சீட்டில் வலைகளுக்கான 1,800 ரூபாவைச் சேர்த்து, அந்த இரண்டுக்கும் உரிய 1,100 ரூபாவைக் கழித்து, 23,500 ரூபா பெற்றுக்கொண்டார்கள். அவ்விரு யன்னல்களின் கண்ணாடிக் கதவுகளையும் அறைக்குள் இருந்தபடியே கழற்றி எடுத்து, விறாந்தையில் சாய்த்து வைத்து நாங்களே துடைத்துக்கொண்டோம்.