சில்லுமூக்கு உடைந்தால்: கருக்குவதா, அடைப்பதா?

பங்குனி வெயிலில் மூக்கில் ரத்தம் வந்த அக்கா பையனுக்கு மூக்கைக் கருக்கினார்கள், அதாவது கசியும் ரத்தக்குழாயை மருந்தால் சுட்டு மூடினார்கள். அடுத்த மாதமே அப்புச்சிக்கு அடைத்தார்கள், அதாவது ரத்தம் நிற்க மூக்குக்குள் அடைப்பு வைத்து அழுத்தினார்கள். "எதுங்க நல்லது?" என்று பல்லடத்தில் பலர் கேட்டுவிட்டார்கள்.

முதலில் வீட்டில் செய்வது. உட்கார்ந்து முன்னால் குனிந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியை 10 முதல் 15 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். தயவுசெய்து அண்ணாந்து படுக்க வைக்காதீர்கள், ரத்தம் தொண்டைக்குள் இறங்கும். பெரும்பாலும் இதிலேயே நின்றுவிடும். நிற்காவிட்டால்தான் இந்த இரண்டும்.

இடம்: கசியும் ரத்தக்குழாய் முன்பக்கம் கண்ணுக்குத் தெரிந்தால் கருக்கலாம். தெரியாமல் பெருகினால் அடைப்பு.

நேரம்: மரத்துப்போக மருந்து வைத்து, சில்வர் நைட்ரேட் குச்சியால் தொட்டுச் சில நிமிடத்தில் கருக்கிவிடுவார்கள். அடைப்பு 1 முதல் 3 நாள் உள்ளேயே இருக்கும்.

சிரமம்: கருக்கும்போது சுருக்கென்று எரியும், அவ்வளவுதான். அடைப்போடு வாயால்தான் மூச்சு. அப்புச்சி இரண்டு இரவு தூங்கவேயில்லை. எடுக்கும்போதும் வலி.

செலவு: கருக்கல் ஒரே நடையில் முடியும். அடைப்பை எடுக்க மறுபடி போகணும். பின்பக்கம் அடைத்தால் ஆஸ்பத்திரியில் தங்கணும்.

ஆபத்து: இரண்டு மூக்குத் துவாரங்களுக்கும் நடுவிலுள்ள சுவரின் இருபுறமும் ஒரே சமயம் கருக்கினால் அதில் ஓட்டை விழலாம்.

அடிக்கடி லேசாக உடையும் பிள்ளைகளுக்குக் கருக்கலே என் தேர்வு. நிற்காமல் கொட்டினால் யோசிக்காமல் அடைப்புக்குச் சம்மதியுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவோர் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தானாகக் கரையும் அடைப்பு அவர்களுக்கு நல்லது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.