மூன்றரை மணி வெயில்: என் ஜி.ஐ. பெர்கோலா நான்கு ஆடி பார்த்த பிறகு

போன வாரம் பல்லடத்திலிருந்து மச்சினன் கூப்பிட்டு, “மாமா, பொடக்காளியில ஒரு பெர்கோலா போடலாம்னு இருக்கேன், மரமா இரும்பா? இல்ல நீங்க போட்ட டிசைனையே போட்டுக்கட்டுமா?” என்று கேட்டார். பொடக்காளி என்றால் எங்கள் பக்கத்தில் வீட்டின் கொல்லைப்புறம். பெர்கோலா என்பது கால்களை நிறுத்தி, மேலே இடைவெளி விட்டுச் சட்டங்களை வரிசையாக அடுக்கிய திறந்த நிழற்கூரை. அந்த நேரம் பார்த்து நான் ஏணியில் நின்று வெல்டிங் மூட்டுகளில் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். “வேண்டவே வேண்டாம்” என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் அது நியாயமில்லை என்று உறுத்தியது. முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

அளவு அவருக்குத் தெரியும்: கிழக்கு மேற்காக 12 அடி, தெற்கு வடக்காக 10 அடி, நான்கு கால், எல்லாம் ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு, சதுர பைப். உடுமலையில் வீட்டுக்கு மேற்கே உள்ள இடம். 2021-ல் வாடகைக்கு எடுத்த வெல்டிங் மெஷினை வைத்து நானே போட்டேன். மரம் வேண்டாம் என்றதற்குக் காரணம் கரையான். எங்கள் மண்ணில் ஒரு விறகுக் கட்டையை ஒரு மழைக்காலம் போட்டு வைத்தால் அடியில் மண் ஏறிவிடும். தேக்குச் சட்டம் வாங்கிப் போட வசதியும் இல்லை.

இரும்பைப் பற்றிக் குறை சொல்ல மனசு வரவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் வருகிற காற்று என்னவென்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுத் தகரம் பறந்த வருஷத்திலும் என் கால் ஒன்றுகூட அசையவில்லை. காலை மண்ணில் புதைக்காமல், கான்கிரீட்டைத் தரைக்கு மேலே அரை அடி தூக்கி, அதில் பிளேட் வைத்து ஆங்கர் போல்ட் போட்டேன். தண்ணீர் தேங்காததால் அடிப்பக்கம் இன்றைக்கும் புதுசு மாதிரி இருக்கிறது.

துரு வந்தது மேலே, வெல்டிங் வைத்த இடங்களில் மட்டும். வெல்டிங் சூட்டில் துத்தநாகப் பூச்சு எரிந்து போய்விடுகிறது, அதற்குப் பிறகு அந்த ஒரு அங்குலம் வெறும் இரும்புதான். வெல்டிங் மேல் படிந்த கசடைத் தட்டித் தேய்த்துவிட்டு உடனே துத்தநாகம் கலந்த பெயிண்டை அடித்திருக்க வேண்டும். நான் எல்லாவற்றுக்கும் சேர்த்து சாதா இரும்புக்கு அடிக்கிற சிவப்புப் பூச்சான ரெட் ஆக்சைடு அடித்தேன். ஜி.ஐ. மேல் அது பிடிக்காது. விரல் நகத்தால் நெம்பினால் வாழைப்பட்டை உரிகிற மாதிரி நீளமாக வரும். அப்புறம், ஜி.ஐ. வெல்டிங்கில் வருகிற வெள்ளைப் புகையைச் சுவாசிக்கவே கூடாது. முதல் நாள் ராத்திரி எனக்குக் குளிர் காய்ச்சல் வந்து, காலையில் தானாக விட்டது. காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து நிற்க வேண்டும்.

இதெல்லாம் சரி செய்யக்கூடிய விஷயங்கள். என்னை நான்கு வருஷமாக அரித்துக்கொண்டிருப்பது மேலே போட்ட ரீப்பர்களின், அதாவது கூரைச் சட்டங்களின், திசை.

நான் பார்த்துப் போட்டது ஓர் அமெரிக்க வரைபடம். 3 அங்குலப் பட்டையாக நிறுத்தி வைத்த ரீப்பர்கள் கிழக்கு மேற்காக ஓடும். அந்த ஊரில் நடுமத்தியானம்கூட சூரியன் தெற்கே சாய்ந்துதான் இருக்கும், அதனால் கிழக்கு மேற்காக நிற்கிற பட்டை தெற்கு வெயிலை மறிக்கும். அவர்களுக்கு அது சரி. நமக்குச் சித்திரை முதல் வாரத்திலும் ஆவணி இரண்டாம் வாரத்திலும் சூரியன் நேர் உச்சி, நடுவில் உள்ள மாதங்களில் கொஞ்சம் வடக்கே கூடப் போய்விடும். வெயில் கிழக்கே ஏறி, தலைக்கு மேல் வந்து, மேற்கே இறங்குகிறது. என் ரீப்பர்களும் அதே திசையில் ஓடுகின்றன. சித்திரையில் மத்தியானம் மூன்றரைக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் இரண்டு பட்டைகளுக்கு நடுவில் வாய்க்காலில் தண்ணீர் வருகிற மாதிரி வெயில் நேராக இறங்கி மூஞ்சியில் விழும். எந்தப் பக்கம் நாற்காலியை நகர்த்தினாலும் ஒரு வாய்க்கால் உண்டு.

தெற்கு வடக்காகப் போட்டு, பட்டையின் உயரமும் இடைவெளியும் ஒரே அளவாக, 3 அங்குலத்துக்கு 3 அங்குலம் என்று வைத்திருந்தால், சூரியன் பாதி வானத்துக்குக் கீழே இறங்கியதும் மேலேயிருந்து நேர் வெயில் அடைபட்டிருக்கும். அதாவது கிட்டத்தட்ட அந்த மூன்றரை மணிக்கே. இதில் இன்னொன்றும் இருக்கிறது. பைப் வருவது 20 அடி நீளத்தில். தெற்கு வடக்காக 10 அடி என்றால் ஒரு பைப்புக்குச் சரியாக இரண்டு துண்டு. நான் 12 அடி வெட்டி வெட்டி ஒவ்வொன்றிலும் 8 அடியை மிச்சம் வைத்தேன். அந்தத் துண்டுகள் இன்னும் மோட்டார் ரூமில் சாய்ந்து நிற்கின்றன. ஒவ்வொரு முறை ஸ்விட்ச் போடப் போகும்போதும் கண்ணில் படும்.

முதல் வருஷம் மேலே பச்சை நிழல்வலை கட்டிப் பார்த்தேன், ஆடிக் காற்று கிழித்துக்கொண்டு போய்விட்டது. இரண்டாம் வருஷம் வீட்டம்மா ஒரு மூலையில் நான்கு புடலை விதை போட்டார். சுடுகிற பைப்பில் கொடியின் கொழுந்து கருகியதால் குறுக்கே தேங்காய்நார்க் கயிறு கட்டிக் கொடுத்தோம். இரண்டு மாதத்தில் கூரை மூடிவிட்டது. பிஞ்சின் நுனியில் சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் காய் வளையாமல் நேராக இறங்கும். சாயங்காலம் காபி டம்ளரோடு அந்தக் கற்களுக்கு நடுவில் தலையைக் குனிந்து போய் உட்காருவது எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. என்ன, கொடி காய்ந்து அடுத்தது ஏறுகிற வரைக்கும் வாய்க்கால் வெயில் திரும்பி வந்துவிடும். அது எப்போதும் பங்குனி சித்திரையில்தான் அமைகிறது.

ஆக, கால் நல்ல கால், காற்றுக்கு அசையாது, செலவும் தாங்கும். இருந்தும் மச்சினனுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். கல்கால் போடுங்கள். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக்குப் போடுகிறார்களே, கல்தூண் நட்டு மேலே கம்பி இழுத்து, அதேதான். கல்லைத் துருவும் தொடாது, கரையானும் தொடாது. பார்க்க பெர்கோலா மாதிரி இருக்காது, பந்தல் மாதிரிதான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். ஏணியில் நின்று சுரண்டிய தோள்வலி இன்னும் போகவில்லை, அதனால்கூட இப்படித் தோன்றலாம்.

இல்லை, இரும்புதான் வேண்டும் என்றால் ஒன்று மட்டும் செய்யுங்கள். பைப்பை வெட்டுவதற்கு முன்னால் நான்கு மர ரீப்பரைச் சேர்த்து ஆணி அடித்து, மூன்றரை மணிக்கு இரண்டு பேர் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, தெற்கு வடக்கு ஒரு தடவை, கிழக்கு மேற்கு ஒரு தடவை, தரையில் நிழலைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் நானே வந்து ஒரு முனையைப் பிடிக்கிறேன். மட்டம் பார்க்க டியூபும் கொண்டுவருகிறேன், மோட்டார் ரூமில் இருக்கிற 8 அடித் துண்டுகளும் வேண்டுமானால் வண்டியில் ஏற்றிவிடுகிறேன்.