பாக் 1½ஜி மவுத்பீஸ்: பாஸ் டிராம்போனின் கீழ் ஸ்வரங்களுக்கு எப்படி?

கீழ் ஸ்வரம் கனமாக வேண்டும் என்றதும் பலர் அகலமான மவுத்பீஸைத் தேடுகிறார்கள். 28 மி.மீ. உள்விட்டமுள்ள 1ஜி-யில் சத்தம் பெரிதாகும். உதட்டில் வலு சேராதவர்களுக்கு அது அப்படியே சிதறியும் போகும். வின்சென்ட் பாக் 1½ஜி-யின் உள்விட்டம் 27 மி.மீ. டெனார் டிராம்போனில் 5ஜி, 6½ஏஎல் போன்ற சிறிய மவுத்பீஸ் வைத்து வாசித்துவிட்டு பாஸ் டிராம்போனுக்கு வருபவர்கள் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான்.

டிராம்போனின் மிகக் கீழான ஸ்வரங்களைப் பெடல் என்பார்கள். பெடல் பி ஃபிளாட் ஏறத்தாழ 58 ஹெர்ட்ஸ். டிராம்போன் குழாய்க்கு அந்த இடத்தில் ஒத்திசைவு கிடையாது. 116, 175, 233 ஹெர்ட்ஸ் அருகே உள்ள மேல் ஒத்திசைவுகள்தான் உதட்டின் அதிர்வைத் தாங்குகின்றன. காதும் அவற்றை வைத்தே சுருதியைப் பிடிக்கிறது. ஒவ்வொரு அதிர்விலும் உதடு சரியாக மூடாவிட்டால் அவை மெலிந்து, சத்தம் வெறும் காற்றாகிவிடும். 1½ஜி-யில் உதட்டோரங்களை இறுக்கிப் பிடிப்பது எளிது. அதனால் ஒலி குவிந்து வருகிறது.

சோதிக்க, மெட்ரோனோமை 60-இல் வையுங்கள். ஸ்லைடை முழுவதும் உள்ளிழுத்த முதல் பொசிஷன் பி ஃபிளாட்டிலிருந்து (116 ஹெர்ட்ஸ்) முழுவதும் நீட்டிய ஏழாம் பொசிஷன் ஈ வரை அரை ஸ்வரமாக இறங்குங்கள். ஒவ்வொன்றும் எட்டுத் தட்டு, நடுத்தர சத்தம். பிறகு எஃப் ட்ரிக்கரை (கூடுதல் குழாயைச் சேர்க்கும் வால்வின் விசையை) அழுத்தி எஃப் முதல் சி வரை. கீழ் சி-க்கு ஸ்லைடு கிட்டத்தட்ட முழுவதும் நீள வேண்டும். கை எட்டாமல் நின்றால் சுருதி ஏறும், பழியை மவுத்பீஸ் மேல் போடாதீர்கள். மற்ற ஸ்வரங்களில் ட்யூனர் முள் இறங்கினால், பெரும்பாலும் தாடையை அளவுக்கு மீறித் தொங்கவிட்டு, காற்றின் வேகத்தையும் விட்டிருப்பீர்கள். ஓரங்களை இறுக்குங்கள், மவுத்பீஸை உதட்டில் அழுத்தாதீர்கள். அழுத்தினால் கீழுதடு அதிராது. பெடலை மெதுவான சத்தத்தில் பிடித்த பிறகே கூட்டுங்கள்.

குறையும் உண்டு. இரண்டு வால்வையும் அழுத்தி வாசிக்கும் பி, அதற்கும் கீழே உள்ள பெடல்கள் நிறைந்த பகுதிகளில் இது நெருக்கமாக இருக்கும்; முழு சத்தத்தில் கரகரக்கும். அந்த வேலையே அதிகம் என்றால் 27.5 மி.மீ. உள்ள 1¼ஜி நல்லது.

இது பெரிய ஷேங்க் (கருவிக்குள் நுழையும் தண்டு) உள்ளது. சின்ன ஷேங்க் மாணவர் டெனார்களில் பொருந்தாது. நுழைத்து லேசாகத் திருகினால் போதும். உள்ளங்கையால் தட்டினால் சிக்கிக்கொள்ளும். அப்போது குறடு போட்டுத் திருகினால் மவுத்பீஸ் நுழையும் உள்குழாயான லீட்பைப்பே முறுக்கிக்கொள்ளலாம். சிக்கியதைக் கழற்றும் கருவியான மவுத்பீஸ் புல்லர் உள்ள ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோங்கள்.