புதுச்சேரியில் டெக்னிக்கல் ரைட்டிங் கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கடலூர், பண்ருட்டி, நெய்வேலிப் பக்கம் பிஏ ஆங்கிலமோ பிஎஸ்சியோ முடித்துவிட்டு, டெக்னிக்கல் ரைட்டிங் (கருவிகளுக்கும் சாஃப்ட்வேருக்கும் மேனுவல், விளக்கக் குறிப்பு எழுதும் வேலை) படிக்கலாம் என்று புதுச்சேரிக்கு பஸ் ஏறுகிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் ஏமாற்றப்பட்ட பயிற்சி மையம் இன்னும் திறந்துதான் இருக்கிறது, அடுத்த பேட்ச்சுக்கு ஆள் சேர்க்கிறார்கள். வக்கீல் நோட்டீஸ் போயிருப்பதால் பெயரை இங்கே போடவில்லை.

2025 நடுவில் சேர்ந்தேன். கட்டணம் 38 ஆயிரம், அதற்கு மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம். முடித்ததும் அமெரிக்காவின் எஸ்டிசி சான்றிதழ் கிடைக்கும், வேலை நிச்சயம் என்றார்கள். எஸ்டிசி என்பது 1953இல் தொடங்கிய டெக்னிக்கல் கம்யூனிகேஷன் சங்கம். இந்தத் தொழிலில் அதற்கு நல்ல மதிப்பு இருந்தது உண்மை. ஆனால் பண நெருக்கடியைத் தாங்க முடியாமல், 2025 ஜனவரியிலேயே சங்கத்தைக் கலைப்பதாக அறிவித்துவிட்டார்கள். அதற்குப் பல மாதம் கழித்து அதன் பெயரைச் சொல்லி எங்களிடம் பணம் வாங்கியிருக்கிறார்கள். விஷயம் தெரிந்து போய்க் கேட்டதற்கு மேனேஜர், "அவங்க சிலபஸ்தாம்மா, சர்டிஃபிகேட் மட்டும் எங்களுது" என்றார்.

வகுப்பில் மேனுவல் தயாரிக்கும் சாஃப்ட்வேரான ஃபிரேம்மேக்கரின் எந்த மெனுவில் எது இருக்கிறது என்று காட்டினார்கள். பாடம் எடுத்தவர் முந்தைய பேட்ச்சில் படித்து முடித்தவர், எந்த நிறுவனத்திலும் ரைட்டராக வேலை பார்த்ததில்லை. டிட்டா என்ற, எக்ஸ்எம்எல் குறிமொழியில் ஆவணம் எழுதும் முறை ஒரே மதியத்தில் முடிந்துபோனது. ஒரு தகவலை, இது விளக்கமா, செய்முறையா, தேடிப் பார்க்க வேண்டிய விவரமா என்று பிரித்து, தனித்தனித் துண்டாக எழுதி, வேண்டிய இடத்தில் எல்லாம் திரும்பப் பயன்படுத்துவதுதான் அதன் அடிப்படை. அப்படி ஒரு பக்கம்கூட எங்களை எழுதச் சொல்லவில்லை. எழுதிக் கொண்டுபோனாலும் திருத்த ஆள் இல்லை. எனக்கு இதுதான் பெரிய கோபம். இந்தத் தொழிலில் கைப்பழக்கம் வருவதே, தெரிந்தவர் ஒருவர் நம் பக்கத்தை வரிவரியாகத் திருத்தும்போதுதான்.

அப்புறம் இன்டர்வியூ. சென்னையில் ஒரு நிறுவனத்துக்கு மையமே என் ரெஸ்யூமேயை அனுப்பியிருந்தது, கூடவே 'மாதிரிப் படைப்பு' என்று ஒரு வாஷிங் மெஷின் மேனுவல். அட்டையில் என் பெயர். அப்படி ஒரு ஃபைலை நான் அன்றுதான் முதலில் பார்க்கிறேன். இன்டர்வியூ எடுத்த அம்மா லேப்டாப்பை என் பக்கம் திருப்பி ஒரு பக்கத்தைக் காட்டினார். நான்காவது ஸ்டெப்: பின்பக்க மூடியைக் கழற்றவும். ஐந்தாவது ஸ்டெப்: பிளக்கைப் பிடுங்கவும். "இந்த வரிசையில ஒருத்தர் செஞ்சா என்ன ஆகும், சொல்லுங்க" என்று கேட்டார். ஷாக் அடிக்கும். பிளக்கைப் பிடுங்கச் சொல்வது போன்ற எச்சரிக்கை எப்போதும் செயலுக்கு முன்னால்தான் வர வேண்டும், மேனுவல் எழுதுகிறவருக்கு முதல் பாடமே அதுதான். பிறகு இன்னொரு ஃபைலைத் திறந்தார். அதே மேனுவல், அதே தப்பு, அட்டையில் என் பேட்ச் பையன் ஒருவனின் பெயர். நான் எழுதியது இல்லை என்று சொன்னேன். அவர் நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அந்த நிறுவனத்தில் என் பெயர் எப்படிப் பதிவாகியிருக்கும்?

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ரசீதைக் காட்டினார்கள். அடியில் பொடி எழுத்தில் 'திரும்பத் தரப்படாது' என்று இருக்கிறது. ஜிஎஸ்டி எண் எங்கேயும் இல்லை. பதிவு செய்யாதவர் அந்த வரியை வசூலிக்கவே கூடாது. எண்ணில் எழுத்தும் இலக்கமுமாக 15 இருக்கும், புதுச்சேரி என்றால் 34இல் தொடங்கும், தமிழ்நாடு என்றால் 33. ஜிஎஸ்டி தளத்தில் அடித்துப் பார்த்தால் யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். சரிபார்க்க வேண்டும் என்று வாங்கிய என் ஒரிஜினல் டிகிரி சான்றிதழையும் சண்டை போட்டுத்தான் வாங்கினேன். எந்தப் பயிற்சி மையத்திடமும் ஒரிஜினலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

சேரும் முன் ஒன்றைக் கேளுங்கள்: நான் எழுதுவதை யார் திருத்துவார், அவர் எங்கே வேலை பார்த்தவர்? பழைய மாணவர் ஒருவரின் திருத்திய பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

38 ஆயிரத்துக்கு அவர்கள் காட்டியதில் பெரும்பகுதி இலவசமாகவே கிடைக்கிறது. கூகுளின் டெக்னிக்கல் ரைட்டிங் பாடங்கள் இலவசம், மைக்ரோசாஃப்ட்டின் எழுத்து நடைக் கையேடும் அப்படியே. டிட்டாவில் எழுதியதை வெப் பக்கமாகவோ பிடிஎஃப்பாகவோ மாற்றித் தரும் டிட்டா ஓப்பன் டூல்கிட்டை இறக்கிக்கொண்டு வீட்டிலேயே பழகலாம். சாஃப்ட்வேர் கம்பெனிகளில் பல இடங்களில் மார்க்டவுன் (எளிய குறிகளோடு எழுதும் முறை), கிட் (ஃபைலில் செய்த மாற்றங்களைப் பதிவு வைக்கும் கருவி), ஏபிஐ ஆவணம் (ஒரு சாஃப்ட்வேரை இன்னொன்று எப்படிப் பயன்படுத்தலாம் என்ற குறிப்பு) என்றுதான் கேட்கிறார்கள், எங்கள் வகுப்பில் அந்தப் பேச்சே வரவில்லை. நிரலை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் ஓப்பன் சோர்ஸ் திட்டம் ஒன்றின் ஆவணத்தில் உள்ள தப்பைத் திருத்தி அனுப்பினால், அதை அங்கே இருக்கிறவர்களே பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். உங்கள் பெயரில் அது நிற்கும், இன்டர்வியூவில் அதைத் திறந்து காட்டலாம்.

ஏற்கெனவே பணம் கட்டி மாட்டியவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யுங்கள். 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். மையம் புதுச்சேரியில் இருந்தாலும் கடலூர்க்காரர்கள் கடலூரிலேயே போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. பிரச்சினை நடந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

என் பேட்ச்சில் படித்தவர்கள் ரசீது, வாட்ஸ்அப்பில் வந்த வாக்குறுதிகள், அந்த வாஷிங் மெஷின் ஃபைல் எதையும் அழித்துவிடாதீர்கள். நான் அடுத்த மாதம் மனு கொடுக்கப் போகிறேன், சேர்ந்து கொடுக்க விருப்பம் உள்ளவர்கள் அதற்குள் சொல்லுங்கள்.