'சுத்தம் செய்யப்பட்ட பழைய பைப்' வாங்குவோர் கவனத்திற்கு

'முழுமையாகச் சுத்தம் செய்யப்பட்டது, கிருமி நீக்கப்பட்டது, வந்தவுடன் புகைக்கலாம்' என்ற விளம்பர வாசகத்தை நம்பி 65 பவுண்டுக்கு ஒரு பழைய புகையிலைப் பைப்பை வாங்கி, அதைச் சரிசெய்யக் கொடுத்த இடத்தில் மேலும் 40 பவுண்டை இழந்து, கடைசியில் அந்த வேலையைச் சமையலறை மேசையில் நானே செய்துகொள்ள நேர்ந்த அனுபவத்தை இங்கே பதிவு செய்கிறேன். புகைப்பது உடலுக்குக் கேடு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வாய்ப்புற்றைப் பற்றி என் மருத்துவர் பார்க்கும்போதெல்லாம் நினைவூட்டுகிறார், நானும் வாரத்துக்கு ஒரு முறையோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் இங்கிலாந்தில் பழைய பைப்புகளை வாங்கிச் சேகரிக்கும் நம்மவர்கள் சிலரை நான் அறிவேன் என்பதாலும், இதே விற்பனையாளர் இன்னும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார் என்பதாலும் இதை எழுதுகிறேன்.

நான் வாங்கியது பிரையர் மரத்தில் செய்த, சற்றே வளைந்த, ஆங்கிலேயத் தயாரிப்பான ஒரு பைப். பிரையர் என்பது மத்தியதரைக் கடலோரப் பகுதிகளில் வளரும் ஒரு புதர்ச்செடியின் வேர்முண்டு. சூட்டைத் தாங்கும், எளிதில் கருகாது, அதனால்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பைப் என்றாலே பிரையர் என்றாகிவிட்டது. படங்களில், புகையிலையை நிரப்பும் கிண்ணத்தின் உட்புறம் ஒரே சீராக, பளபளப்பில்லாத கறுப்பாகத் தெரிந்தது. வாயில் வைக்கும் தண்டு, புது எருமைக் கொம்பைப் போல மின்னியது. இரண்டுமே எனக்கு நல்ல அறிகுறிகளாகப் பட்டன. இரண்டுமே ஏமாற்று வேலை என்று பின்னர்தான் விளங்கியது.

பார்சலைப் பிரித்து முகர்ந்தபோது எலுமிச்சை எசென்ஸின் வாசனை லேசாக வந்ததே தவிர, புகையிலை நெடி சிறிதும் இல்லை. வாசனை எதுவும் சேர்க்காத வர்ஜீனியா புகையிலையை நிரப்பிப் பற்றவைத்தேன். முதல் கால் மணி நேரம் குறை சொல்ல எதுவும் இல்லை. பாதிக்குமேல் எரிந்து கிண்ணத்தின் அடிப்பாகம் சூடேறியதும், ரோஜா சோப்பைக் கரைத்து அதில் பாதாம் எசென்ஸை ஊற்றியதுபோல் ஒரு சுவை நாக்கில் ஏறியது. பைப் புகைப்போர் இதைப் 'பேய்' என்றே அழைக்கிறார்கள்: முன்பு புகைத்த புகையிலையின் மணம் பைப்பை விட்டுப் போகாமல் அடுத்ததன்மேல் ஏறிக்கொள்வது. பெருங்காய டப்பாவைக் கழுவி அதில் சர்க்கரையைக் கொட்டி வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் இதுவும்.

அந்தச் சோப்பு வாசனையை அறிந்தவர்கள் முதல் இழுப்பிலேயே ஊரைச் சொல்லிவிடுவார்கள். வட இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தை ஒட்டிய கெண்டல் என்ற ஊரில், 1792இல் தொடங்கிய சாமுவேல் காவித் மரபில் இன்றும் புகையிலையும் மூக்குப்பொடியும் தயாராகின்றன. அங்கே சில வகைகளில் டோங்கா விதை, ஜெரேனியம், ரோஜா போன்றவற்றின் மணங்களை ஏற்றுவது வழக்கம். பழகியவர்களுக்கு அது அமுதம். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வேறெந்தப் புகையிலையையும்விடப் பிடிவாதமாக மரத்தில் ஒட்டிக்கொள்வது அந்த மணம்தான் என்பது என் அனுபவம். விறகுப் புகையில் உலர்த்திய லடாக்கியா புகையிலைகூட, பத்துப் பன்னிரண்டு முறை வேறொன்றைப் புகைத்தால் மெல்ல விலகிவிடுகிறது.

மூன்றாவது முறை புகைத்தபின் சாம்பலைத் தட்டியபோது, சுவரில் உரிந்த பெயின்ட்டைப் போலக் கறுப்புச் சில்லுகள் உதிர்ந்தன. முனை மழுங்கிய சிறு கத்தியால் மெதுவாகச் சுரண்டிப் பார்த்தேன். மேலே மெல்லிய கரிப்பூச்சு. அதற்குக் கீழே, ஒருபுறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும், முந்தைய உரிமையாளர் பல ஆண்டுகள் புகைத்துச் சேர்த்த கரிப்படலம் அப்படியே இருந்தது. அதற்கும் கீழே ஓரிடத்தில் மரமே கருகிச் சிறு குழி விழுந்திருந்தது. கரித்தூளைப் புளித்த மோரிலோ பாலேட்டிலோ குழைத்துப் பூசுவது இத்தொழிலில் எல்லோரும் அறிந்த உத்திதான். புதுப் பைப்புகளில் தயாரிப்பாளர்களே உட்பூச்சு கொடுப்பதுண்டு, அதில் தவறில்லை. சுத்தம் செய்யாத பழைய கிண்ணத்தின்மேல் அதைப் பூசிவிட்டுச் 'சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதுவதுதான் மோசடி. தண்டின் மினுக்கமும் அதே வகைதான். தண்டு வல்கனைட்டால் ஆனது. வல்கனைட் என்பது கந்தகம் கலந்து இறுக்கிய ரப்பர்; வெயில் பட்டால் பச்சையும் பழுப்புமாக நிறம் மாறி, கந்தக நாற்றமும் வீசும். தேய்த்து மெருகேற்ற வேண்டியதைத் தேய்க்காமல், எண்ணெய் தடவிப் படம் எடுத்திருக்கிறார். இரண்டே வாரத்தில் சாயம் வெளுத்தது.

விற்பனையாளருக்குப் படங்களோடு எழுதினேன். அவர் அனுப்பிய பதிலின் சாரம் இது: மணம் என்பது அவரவர் ரசனை, 'புகைக்கலாம்' என்றுதான் எழுதியிருந்தேன், நீங்களும் மூன்று முறை புகைத்திருக்கிறீர்கள், வாயில் வைத்த பொருளைத் திரும்ப வாங்க இயலாது. இந்தத் தர்க்கத்திற்கு என்னிடம் பதில் இருந்தது, பிடி இல்லை. ஏனெனில் அவர் கேட்டுக்கொண்டபடி, பேபாலில் நண்பர்களுக்கு அனுப்பும் முறையில் பணத்தை அனுப்பியிருந்தேன். அந்த முறையில் வாங்குவோருக்கான பாதுகாப்பு கிடையாது. பிரிட்டனில் வணிகர் ஒருவரிடம் இணையவழி வாங்கினால் பொதுவாகப் 14 நாட்களுக்குள் வேண்டாமென்று திருப்பி அனுப்பும் உரிமை உண்டு. தனிநபரிடம் வாங்கினால் அந்த உரிமை இல்லை. ஒரே நேரத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட பைப்புகளை விற்பனைக்கு வைத்திருந்தவர் தம்மைத் தனிநபர் என்றே சொல்லிக்கொண்டார்.

அத்தோடு விட்டிருக்கலாம். பழம்பொருள் சந்தை ஒன்றில் பைப் பழுதுபார்க்கும் ஒருவரைக் கண்டு, வாடையை எடுத்துத் தருமாறு கொடுத்தேன். உப்பும் ஆல்கஹாலும் போட்டு எடுத்துவிடலாம் என்றார். கிண்ணத்தில் உப்பை நிரப்பி, அது நனையும்வரை ஆல்கஹாலைச் சொட்டவிட்டு, ஓர் இரவு வைத்தால் கசடை உப்பு இழுத்துக்கொள்ளும் என்பது பழைய முறை. அவர் ஓர் இரவு வைத்தாரா, ஒரு வாரம் மறந்துபோனாரா, எனக்குத் தெரியாது. பைப் திரும்பி வந்தபோது, கிண்ணத்தையும் தண்டையும் இணைக்கும் கழுத்தில் புதிதாக ஒரு வெள்ளி நிற வளையம் இருந்தது. 'அலங்கார வளையம், 12 பவுண்டு' என்று ரசீதில் தனி வரி. வளையத்தின் ஓரத்தில் விளக்கைப் பிடித்துப் பார்த்தால், அதற்கடியிலிருந்து தலைமுடி அளவு ஒரு விரிசல் எட்டிப் பார்த்தது. கழுத்தின் துளைக்குள் உப்புக்கல் மின்னியது. மரத்தின்மேல் ஆல்கஹால் வழிந்து பழைய மெருகையும் முத்திரை எழுத்துகளையும் மங்கச் செய்திருந்தது. உடைத்ததற்கு மன்னிப்பு கேட்காமல், உடைப்பை மறைத்ததற்குக் கட்டணம் வாங்கிய அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வருகின்றன.

இனி, அவர் செய்திருக்க வேண்டியதைச் சொல்கிறேன். வாடையின் பெரும்பகுதி மரத்தில் இல்லை. கரிப்படலத்திலும், கழுத்துத் துளையில் படிந்த தாரிலும்தான் இருக்கிறது. ஆகவே முதல் வேலை, கிண்ணத்தின் அளவுக்கேற்ற சுரண்டியால் கரிப்படலத்தைப் பொறுமையாகச் சுற்றிச் சுற்றி எடுப்பது. பேனாக்கத்தியின் கூர்முனையை உள்ளே விட்டால் மரமும் சேர்ந்து வரும். தண்டைக் கழற்றித் தனியே வைத்துவிட வேண்டும், ஏனெனில் ஆல்கஹால் பட்டால் அக்ரிலிக் தண்டுகளில் நுண்ணிய விரிசல்கள் விழக்கூடும். பிறகு உப்புக்குப் பதிலாகப் பஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். உப்பு மரத்தை வெடிக்க வைக்குமா என்று பைப் பிரியர்கள் ஓயாமல் வாதிடுகிறார்கள். பஞ்சே அந்த வேலையைச் செய்யும்போது அந்த வாதத்திற்குள் நான் ஏன் போக வேண்டும்? கிண்ணத்தில் பஞ்சைத் தளர்வாக அடைத்து, கழுத்துக்குள் ஒரு பஞ்சுத் திரியைச் செருகி, கண்ணுக்கு மருந்து விடும் சொட்டுக்குழாயால், வெளியே ஒரு துளியும் வழியாமல், பஞ்சு நனையும்வரை செறிவான ஆல்கஹாலை விட்டேன். மறுநாள் காலையில் பஞ்சு முதல் டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. இரண்டாவது முறை தேநீர் நிறம். நான்காவது முறைதான் வெளிர் மஞ்சள். அதன்பின் ஒரு வாரம் காற்றாட உலர்த்தினேன்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பெயின்ட் கடைகளில் மரப் பாலிஷுக்காக விற்கும் ஸ்பிரிட்டை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். குடிக்க முடியாதபடி செய்வதற்காக அதில் மெத்தனால் போன்ற நச்சுகளைக் கலக்கிறார்கள். வாயில் வைக்கும் பொருளுக்கு அது ஆகாது. மீர்ஷாம் என்னும் வெண்கல் பைப்புகளுக்கு இந்த முறையே கூடாது.

அந்த ரோஜா மணம் முழுமையாகப் போகவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முக்கால்வாசி போயிற்று, எஞ்சியது கிண்ணத்தின் அடியில், நன்றாகச் சூடேறினால் மட்டும் தலைகாட்டுகிறது. ஆகவே வாடை ஏறாமல் பார்த்துக்கொள்வதே மலிவு. மணமேற்றிய புகையிலைகளுக்கென்று ஒரு பைப்பை ஒதுக்கிவிடுங்கள். புதிய வகையை ருசி பார்க்க, அமெரிக்காவின் மிசௌரியில் 1869 முதல் செய்துவரும் சோளக்கொண்டை பைப் போதும், வாடை ஏறினால் தூக்கி எறிந்தாலும் மனம் வலிக்காது. புகைத்து முடித்தவுடன் எஞ்சிய புகையிலையை உள்ளேயே விட்டுவிடாமல் தட்டிவிட்டு, பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பியைத் தண்டின் வாய்முனையிலிருந்து கிண்ணம்வரை விட்டு எடுங்கள். சூடாக இருக்கும்போது தண்டைக் கழற்றாதீர்கள். கரிப்படலம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் போனதும் சுரண்டிவிடுங்கள். பழையதை வாங்கும்போது, உட்பூச்சு இருக்கிறதா, பூசுவதற்கு முன் எடுத்த படம் உண்டா, முந்தைய உரிமையாளர் எந்தப் புகையிலையைப் புகைத்தார் என்று எழுத்தில் கேளுங்கள். பணத்தைப் பொருள் வாங்கும் முறையிலேயே அனுப்புங்கள்.

சென்ற வாரம் அதே விற்பனையாளர் இன்னொரு பைப்பை விற்பனைக்கு வைத்திருந்தார். அதே பளபளப்பில்லாத கறுப்பு, அதே மின்னும் தண்டு, அதே மூன்று வாசகங்கள். பூச்சுக்கு முந்தைய படம் கிடைக்குமா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை. விலையை மட்டும் ஐந்து பவுண்டு குறைத்திருக்கிறார்.