ரேடியோ அலைக் கடிகாரம் என்று நம்பி 7,400 ரூபாயை இழந்தேன்

முந்தாநாள்தான் உண்மை தெரிந்தது. கோபம் இன்னும் ஆறவில்லை. கடிகாரம் வாங்குவோருக்கு விரிவாக ஆலோசனை சொல்லத்தான் உட்கார்ந்தேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். தினமும் மாலை 4 மணிக்கு வரும் நேரச் சமிக்ஞையைக் கொண்டு ஸ்டேஷன் கடிகாரத்தைச் சரிபார்த்தே காலம் கழித்தவர். வீட்டில் இருக்கும் அவருடைய ஊசல் கடிகாரம் சித்திரை வெயிலில் நாளுக்கு நான்கைந்து நொடி பின்தங்கும். சூட்டில் ஊசலின் இரும்புத் தண்டு நீண்டுவிடுகிறது. ஞாயிறுதோறும் ஸ்டூலில் ஏறி, குண்டுக்கு அடியில் உள்ள திருகை இழையளவு ஏற்றுவார். இந்த வயதில் ஏறுகிறாரே என்றுதான் புதுக் கடிகாரம் தேடிப் போனேன்.

கடைத்தெருவில் கடிகாரம் மட்டுமே விற்கும் பழைய கடை. "ரேடியோ அலை வழியாக அணுக் கடிகாரத்தைப் பார்த்துத் தானே சரிசெய்துகொள்ளும் சார், ஆயுசுக்கும் ஒரு நொடி பிசகாது" என்றார் விற்பனையாளர். என் போனை வாங்கிக் கடிகாரத்தின் பக்கத்தில் பிடித்தார். முட்கள் தாமாகச் சுழன்று பன்னிரண்டில் நின்றன. பிறகு சரசரவென்று ஓடிப் போனில் இருந்த நொடியோடு ஒட்டிக்கொண்டன. அந்த நிமிடத்தில்தான் விழுந்தேன். அவர் விரல் பின்பக்கம் ஏதோ பொத்தான்களை அழுத்தியதைப் பார்த்தேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. 7,400 ரூபாயை எண்ணி வைத்தேன்.

ஒரே மாதம். அப்பாவின் நோட்டில் கணக்கு இருக்கிறது: புதுக் கடிகாரம் 16 நொடி பின்னால், சமையலறையில் தொங்கும் 350 ரூபாய்க் கடிகாரம் 11 நொடி பின்னால். "எந்த ஊரிலிருந்து அலை வருகிறதாம்?" என்று மட்டும் கேட்டார் அப்பா.

தேடிப் பார்த்தேன். அந்தக் கடிகாரம் ஜப்பானின் 40, 60 கிலோஹெர்ட்ஸ் அலைகளுக்காகச் செய்யப்பட்டது. அவை நம் ஊரை எட்டுவதில்லை. எட்டினாலும் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முந்திய ஜப்பான் நேரத்தை அல்லவா காட்டும்! ஜெர்மனியின் 77.5 கிலோஹெர்ட்ஸ் அலையும் சுமார் 2,000 கிலோமீட்டரோடு சரி. வீட்டுக் கடிகாரங்களுக்காக இப்படி அலை அனுப்பும் கோபுரம் இந்தியாவில் கிடையாது. அலை இல்லாவிட்டால் உள்ளே ஓடுவது நொடிக்கு 32,768 முறை அதிரும் சாதாரணக் குவார்ட்ஸ் படிகம்தான். மாதத்துக்குப் பத்துப் பதினைந்து நொடி பிசகுவது அதன் இயல்பு. 350 ரூபாய்க் கடிகாரத்தில் இருப்பதும் அதே படிகம். இதற்கா 7,400 ரூபாய்? கையால் வைத்த நேரத்தை, அலை வைத்த நேரமாக என் கண்ணெதிரே காட்டியிருக்கிறார்.

கடையைக் கேட்டால், முதல் நாள் "ஜன்னலோரம் மாட்டுங்கள்." மறுநாள் "மேகமூட்டம் சார், இரவில் கிடைக்கும்." அதற்கடுத்த நாள் "ஏழு நாளுக்குள் வந்திருக்க வேண்டும்." நேரில் போனபோது முதலாளி தலை நிமிராமலே, "கடிகாரம் ஓடுகிறதல்லவா? பதினாறு நொடிக்கா சண்டை?" என்றார். பதினாறு நொடிக்கு இல்லை ஐயா, 7,400 ரூபாய்க்கு! இன்று காலை அப்பா மறுபடியும் ஸ்டூலில் ஏறினார்.

நிறைய எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. எந்த நாட்டு அலை என்று கேளுங்கள். இந்தியாவில் அலை கிடைக்கும் என்று ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பொத்தானைத் தொடவிடாதீர்கள். தானே சரியாகும் கடிகாரம்தான் வேண்டுமென்றால், வைஃபை வழியாக நேரம் எடுப்பதை வாங்குங்கள். ரசீது என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நாளைக் காலை முதல் வேலையாக நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கிறேன்.