மிதவைக்கான ரப்பர் ஸ்டாப்பர்: நைலானுக்குச் சரி, பிரெய்டுக்கு யோசித்து வாங்குங்கள்

சிங்கப்பூரின் படகுத்துறைகளில் மிதவை போட்டு முரல் பிடிப்பவர்களின் பெட்டியைத் திறந்தால், கம்பி வளையத்தில் கோத்த சின்னஞ்சிறு கறுப்பு ரப்பர் உருளைகள், அதாவது ஸ்டாப்பர்கள், அநேகமாக இருக்கும். தூண்டில் சாமான் கடைகளில் சில வெள்ளிக்கு ஒரு பொட்டலம் கிடைக்கிறது. அண்மையில் நான் வாங்கிய, அதிகம் பெயர் பெறாத ஒரு தயாரிப்பைப் பற்றியது இந்த மதிப்புரை.

மிதவையை நரம்பில் (தூண்டில் இழையில்) அசையாமல் கட்டிவிட்டால், தூண்டிற்கோலின் நீளத்தைவிட ஆழத்தில் இரையை நிறுத்துவது பெரும்பாடு. சுருட்டும்போது மிதவை நுனி வளையத்தில் முட்டி நின்றுவிடும், அதற்குக் கீழே மீன் எட்டாத தூரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். நரம்பில் தடையின்றி நகரும் ஓடும் மிதவையில் இந்தத் தொல்லை இல்லை. நரம்பைப் பற்றி நிற்கும் ஸ்டாப்பர், கோலின் வளையங்களைக் கடந்து ரீலுக்குள் போய்விடுகிறது. வீசியபின் ஈயத்தின் கனத்தால் நரம்பு மிதவையின் ஊடே இறங்க, ஸ்டாப்பர் வந்து மிதவைக்கு மேலிருக்கும் மணியில் முட்டும்போது இரையின் ஆழம் நிலைக்கிறது. மணியின் துளை ஸ்டாப்பரைவிடச் சிறியதாக இல்லாவிட்டால் இத்தனை ஏற்பாடும் வீண்.

மாட்டுவது எளிது. நரம்பின் முனையைக் கம்பி வளையத்துக்குள் சில சென்டிமீட்டர் நுழைத்து மடித்து, ரப்பரை வளையத்திலிருந்து அந்த மடிப்பின்மேல் தள்ளி, குட்டையான முனையை உருவிவிட்டால் முடிந்தது. அதன்பின் மணி, மிதவை, ஈயம், சுவிவல் (நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் இணைப்பு) என்று வரிசையாகக் கோக்கலாம். தள்ளுமுன் நரம்பை நனைக்க மறக்கக் கூடாது, ஏனெனில் காய்ந்த நைலானில் ரப்பரை இழுத்தால் உராய்வுச் சூட்டில் நரம்பு சுருண்டு வலுவிழக்கும். இந்தப் பொட்டலத்தின் பெரிய குறை இந்தக் கட்டத்தில்தான் தெரிகிறது: கம்பி மெல்லியது, முறுக்கும் தளர்வு. இழுக்கும்போதே சில வளையங்கள் பிரிந்து, ரப்பர் கையில் வந்துவிட்டது.

நைலான் நரம்பில் பிடிப்பு மிக நன்று. பத்துப் பவுண்டு நைலானில், கொஞ்சம் வேகமாக வீசினாலும் வைத்த இடத்திலேயே நிற்கிறது. விரலால் தள்ளினால் மட்டும் நகர்கிறது. நம் கடற்கரைக்கு இந்த நகர்வு முக்கியம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெருநீர் நாட்களில் சில மணி நேரத்துக்குள் கடல்மட்டம் இரண்டு மீட்டருக்கு மேல் ஏறி இறங்குவதால், தரைக்குச் சற்று மேலே இரை நிற்க வேண்டுமென்றால் நீரேற்றத்துக்கு ஏற்ப ஸ்டாப்பரை மேலும் கீழும் மாற்றியாக வேண்டும். முரல் நீர்மட்டத்தை ஒட்டியே திரிவது என்பதால் அதற்கு இவ்வளவு பாடு தேவையில்லை. கொடுவாய்க்கு மெனக்கெட்டால் பலன் உண்டு.

பல இழைகளைப் பின்னிச் செய்யும் பிரெய்ட் நரம்பில் கதை வேறு. அதே பவுண்டு வலுவுக்கு அது நைலானைவிட மிக மெல்லியது, வழவழப்பும் கூடுதல். அதனால் நடுத்தர அளவு ஸ்டாப்பர் ஒவ்வொரு வீச்சிலும் கொஞ்சம் கொஞ்சமாக நழுவுகிறது. ஓர் அளவு சிறியதாக எடுத்து, இரண்டை ஒட்டினாற்போல் மாட்டினால் ஓரளவு நிற்கிறது. ஆனால் குழாயில் சுற்றி விற்கும் நூல் முடிச்சு பிரெய்டுக்கு இதைவிடப் பொருத்தம் என்பது என் கருத்து: இழுத்து இறுக்கலாம், நுனி வளையத்தில் தட்டுவதும் குறைவு. அதன் வால்களை மட்டும் ஒட்ட நறுக்காமல், வளையங்களில் வளைந்து போகும்படி ஒரு சென்டிமீட்டர் விட்டுவைக்க வேண்டும்.

பொட்டலத்தின்மேல் எஸ், எம் என்று அளவெழுத்து மட்டும் இருக்கிறதே தவிர, எந்தத் தடிமன் நரம்புக்கு எது என்ற விவரம் இல்லை. புதிதாகத் தூண்டில் பிடிப்பவர் எம் அளவைத்தான் எடுப்பார். பத்துப் பவுண்டு நைலான் வைத்திருப்பவருக்கு எஸ் போதும். எம் அளவு நுனி வளையத்தில் இடித்து வீச்சுத் தூரத்தைக் குறைக்கிறது.